நூறு மடங்கு

கேள்வி: ஊழியத்துக்குக் காணிக்கை கொடுத்தால் கர்த்தர் நூறு மடங்காகத் திருப்பித் தருவார் என்கிறார்களே, நம்பலாமா?
(வாசகர், உத்திரமேரூர்)

பதில்: கணக்குக் கேட்பது உங்கள் ஊர் வழக்கம்தானே! கணக்குக் காட்டாத வாரியத்தார் மறுபடி குடவோலைத் தேர்தலுக்கு வரக்கூடாது என்று பராந்தக சோழர் காலத்திலேயே கல்லில் வெட்டிவைத்த ஊர்.

மாற்கு 10:30-ல் நூறு மடங்கு உண்டு. ஆனால் அது வீடு, நிலம், உறவை விட்டு வந்தவர்களுக்கு. கூடவே துன்பமும் உண்டு. அந்த இடம் வரும்போது மட்டும் பிரசங்கியாரின் மைக் மக்கர் செய்துவிடும்!

அப்படி விட்டு வந்தவர்களில் ஒருவர் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் தொடங்கினார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1918-ல் பெண்களுக்காக அவர் ஆரம்பித்த மருத்துவப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி. நூறு மடங்கு வந்தது. போய்ச் சேர்ந்தது நோயாளிகளுக்கு.

கடவுளைத் தாராளமாக நம்புங்கள். லாபக் கணக்குப் போட்டுக் கொடுத்தால் அதற்குப் பெயர் காணிக்கை அல்ல, ஏலச்சீட்டு.