எட்டு போடுகிறவர்

உக்கடம் பெரியகுளத்துக் கரையில் பாதை கிலோமீட்டர் கணக்கில் கிடக்கிறது. எட்டு வடிவில் நடை பயிலும் இவருக்கு அதில் பன்னிரண்டடி போதும். அந்தப் பன்னிரண்டடியையும் நீளவாக்கில் எடுத்துக்கொண்டால் யாருக்கும் புகார் இல்லை. எட்டு வடக்கு தெற்காகத்தான் விழ வேண்டுமாம். அவர் பிடித்துவைத்திருக்கிற இடத்திலோ பாதை கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஆகவே ஒரு வட்டம் நடக்கிறவர்கள் பக்கம், இன்னொன்று சைக்கிள் பக்கம். கொஞ்சம் தள்ளிப் போனால் கரையே வடக்கே திரும்புகிறது. அங்கே நிழல் இல்லையாம்.

வந்ததும் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து, முள் ஆடி அடங்கும்வரை மூச்சுவிடாமல் நிற்பார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டி, குந்தி, சாக்பீஸால் கோடு. நேற்றுப் போட்டது பளிச்சென்று தெரிந்தாலும் அதன்மேல் இன்னொரு தடவை. செருப்பு இரண்டும் எல்லைக்கல்லாக நடுப்பாதையில். 15 நிமிஷம் ஒரு திசை, 15 நிமிஷம் மறு திசை. பெல் அடித்தால் நிற்க மாட்டார்.

“ஏனுங் தம்பி, வட்டத்தைப் பாதியில உட்டா பலன் போயிருமுங்க. நீங்க அந்த ஓரமா வளைச்சுட்டுப் போங்க.”

அந்த ஓரத்தில் குளம் இருக்கிறது.

கையில் வாட்ச் கட்டிக்கொண்டு பத்தாயிரம் அடி எண்ணுகிற பிள்ளைகளைக் கண்டால் இவருக்கு இளக்காரம். “அது சப்பான்காரன் 1965-ல நடை எண்ணுற மிசினு விக்கறதுக்குச் சொன்ன கணக்குங்க.” வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய அத்தனையிலும் உண்மையாக இருந்தது இது ஒன்றுதான். ஆகாயத்தாமரைச் சாறு, வெறும் வயிற்றில் வெண்டைக்காய்த் தண்ணீர் பற்றியெல்லாம் இங்கே பேச வேண்டாம்.

போன வாரம் ஒரு சிறுமி சைக்கிளில் வந்தவள், இவர் வட்டம் திரும்பிய வேகத்தில் பிரேக்கை அமுக்கிச் சாய்ந்துவிட்டாள். எட்டைப் பாதியில் விட்டு முதலில் ஓடியவர் இவர்தான். தன் குடிதண்ணீரை ஊற்றி முட்டியைக் கழுவி, துண்டால் ஒற்றி, “ஒண்ணுமில்ல கண்ணு” என்று ஊதியும் விட்டார். எனக்கே மனசு இளகிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். “எட்டு போடப் பழகிக்கிட்டா உழவே மாட்ட கண்ணு. நாளைக்கு லைசென்சுக்கும் ஆவும்” என்று சாக்பீஸை எடுத்தார். மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட அவளுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. இப்போது பாதையில் இரண்டு எட்டு. ஒன்றில் அவர், ஒன்றில் அவள். பின்னால் பெல் அடித்தால் இரண்டு பேரும் சேர்ந்து முறைக்கிறார்கள்.