இன்ட்டு எங்க இருக்குது?

தர்மபுரி மாவட்டத்தில் ஊருக்கு நாலு பேராவது இப்படி இருக்கிறார்கள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தோளில் துண்டு, சட்டைப் பையில் ஓசூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்த போன். காரிமங்கலம் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து மாட்டுத் தரகரையே மடக்கியவர். அவரைத்தான் கடுகளவு பெருக்கல் குறி ஒன்று காலையும் மாலையும் மடக்கிக்கொண்டிருக்கிறது.

பெரியவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பாலக்கோடு மண்டியில் இன்றைக்குத் தக்காளி என்ன விலைக்குப் போனது? செய்தியைத் தொடுகிறார். 'கூடை ரூ.' என்பது வரை தெரிகிறது. சரியாக அந்த இடத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து, சிரித்தபடி தனிநபர் கடன் தருகிறேன் என்கிறாள். "வேணாம்மா" என்கிறார், வாய்விட்டே. படியேறி வந்தவர்களிடம் முகத்தைத் திருப்பிப் பழக்கமில்லை. அவள் போவதாக இல்லை. அதன் பிறகுதான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் யார் இருந்தாலும் போனை நீட்டுவார்: "சாமி, இதுல இன்ட்டு எங்க இருக்குது, கொஞ்சம் பாரு."

இன்ட்டு இருக்கும், வெள்ளைமேல் வெள்ளையாக. அதுவும் உடனே வராது. 5, 4, 3 என்று திரை எண்ண, இவரும் கூடவே எண்ணுவார். எண்ணி முடித்ததும் கட்டைவிரலை வைப்பார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல் அது. அந்த விரலுக்கு அடியில் நாலு இன்ட்டு படுத்துத் தூங்கலாம். எதில் பட்டதோ, பிளே ஸ்டோர் திறந்துவிடும். இப்படி அவர் கேட்காமலே வந்து குடியேறியவை மூன்று கிளீனர், ஒரு டார்ச். போனில் வைரஸ் என்று மிரட்டிக்கொண்டு வந்த கிளீனர்கள், வந்த நாள் முதல் தாங்களே விளம்பரம் போடுகின்றன.

அந்த டார்ச்சின் கதை தனி. த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரியில் வந்தால் மோட்டார் போடக் கிணற்று மேட்டுக்குப் போக வேண்டும். வரப்பில் ஏதோ சரசரக்கிறது. அவசரமாக டார்ச்சை அழுத்தினால், முதலில் வெளிச்சம் வராது, ரம்மி விளையாட்டுதான் வரும். நகர்வது என்ன பாம்பு என்று தெரிந்துகொள்ள ஐந்து நொடி நிற்க வேண்டும். பாம்பும் நின்றால் சௌகரியம்.

வீட்டம்மாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. விளம்பரத்தை முழுதாகப் பார்ப்பார். "பாவம், அவனும் பொழைக்கணுமில்ல." பேரன் வேறு ரகம். விளையாட உட்காரும்போதே டேட்டாவை அணைத்துவிடுவான். அது தெரியாமல் தாத்தா தக்காளி விலை பார்க்கப் போனால் செய்தியும் வராது, விளம்பரமும் வராது. அன்றைக்கு ஒருநாள்தான் அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

இப்படிக் குறுக்கே வந்து நிற்கும் விளம்பரங்களைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் ஈதன் சக்கர்மேன் என்ற அமெரிக்கர் (பேஸ்புக்காரர் இல்லை, அவர் வேறு). 1990-களில் டிரைபாட் என்ற நிறுவனத்தில் இருந்தார். ஒரு கார் கம்பெனி, தன் விளம்பரம் ஆபாசப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று குதித்தது. விளம்பரம் தனி ஜன்னலாக எழும்பினால் அந்தப் பக்கத்தோடு ஒட்டாதே என்று யோசித்து, அதற்கான நிரலை எழுதினார். 2014-இல் 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய கட்டுரையில் மன்னிப்பும் கேட்டார். இதைப் பெரியவரிடம் சொல்லிப் பாருங்கள். "மன்னிப்பு கெடக்கட்டும், இன்ட்டை எங்க வெச்சாராம்?" என்பார்.

நியாயமான கேள்விதான். தவறு அவர் விரலில் இல்லை. தப்பாக அழுத்தட்டும் என்றே அதைச் சிறிதாக வைக்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் இப்படிப்பட்ட தில்லுமுல்லுகள் 13 பட்டியலாகியிருக்கின்றன. மூடும் குறியைப் பொடியாக்கி ஒளித்து வைப்பதும் அதில் சேர்த்தி. வேண்டாம் என்றாலும் விடாமல் நச்சரிப்பது தனியாக ஒன்று. இவர் "வேணாம்மா" என்று சொன்னதற்கு டெல்லி வரை மரியாதை கிடைத்துவிட்டது. திரைக்குத்தான் இன்னும் செய்தி எட்டவில்லை.

புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பெரியவர் அதைக் கரியால் சுவரில் எழுதி வைத்திருக்கிறார், லைன்மேன் நம்பருக்குக் கீழே. இன்னும் கூப்பிட்டபாடில்லை. எண்ணை அழுத்தப் போகும்போதெல்லாம் அந்த மூன்று கிளீனரில் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது.