மஞ்சள் ஒயரைக் கழற்றுங்கள்

கேள்வி: பழைய பிளேஸ்டேஷன் 3-ஐ புது ஹெச்.டி. டி.வி.யில் மாட்டினேன். கிரிக்கெட் கேமில் பந்தே தெரியவில்லை. எந்த கேபிள் நல்லது?

பதில்: மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின்களைத்தானே செருகியிருக்கிறீர்கள்? படம் மொத்தமும் அந்த மஞ்சள் ஒயரில்தான் வருகிறது. நிறமும் வெளிச்சமும் ஷேர் ஆட்டோவில் ஏறியதுபோல் நசுங்கி, அதிகபட்சம் 576 வரிகளில்! ஹெச்.டி.எம்.ஐ. மாட்டுங்கள். 1080 வரிகள்; சத்தமும் அதிலேயே. அந்த போர்ட் காலியில்லையென்றால் பச்சை, நீலம், சிவப்பு காம்போனென்ட் கேபிளும் ஹெச்.டி. தரும். மாற்றியதும் திரை இருட்டானால் பதறாதீர்கள். பிளேஸ்டேஷனை ஆஃப் செய்துவிட்டு, இரண்டாவது ‘பீப்’ வரை அதன் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். டி.வி.யில் ‘கேம் மோட்’ போட்டால் பட்டனுக்கும் பேட்டுக்கும் இடையிலான தாமதம் குறையும். கடைக்காரர் தங்க முலாம் பூசிய கேபிளை நீட்டுவார். படம் அதனால் இம்மியும் கூடாது. அட்சய திருதியைக்கு வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள்!