கை தாராளம்

எங்கள் தெருத் தையற்காரர் நாகரிகம் தெரிந்தவர். அளவு நாடாவை முழங்கைக்கு மேலே சுற்றுவார், எண்ணைப் பார்ப்பார், வாய்விட்டுச் சொல்லமாட்டார். நோட்டில் குறித்துக்கொண்டு, "கை கொஞ்சம் தாராளமா வெச்சுடறேன் மேடம்" என்பார். கர்ணனைப் பற்றிப் பேசுவதுபோல் காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் பழைய ரவிக்கைகளில் பிரித்துவிட இனி உள்தையலே இல்லை என்பதும், யாருக்காவது டாட்டா காட்டினால் கை நின்ற பிறகும் சதை தன் பாட்டுக்கு விடைகொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாதா என்ன?

கையைக் குறைப்பதென்று முடிவெடுத்ததும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றே: "மலை ஏறு." திருநீர்மலையில் இருப்பவளுக்கு வேறென்ன சொல்வார்கள்! பெருமாளை நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என நான்கு கோலங்களிலும் சேவிக்கக்கூடிய திவ்யதேசம் இது. அடிவாரத்தில் நீர்வண்ணர் நிற்கிறார். மேலே நரசிம்மர் அமர்ந்திருக்கிறார், ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார், உலகளந்த பெருமாள் நடக்கிறார். முதல் மூன்று கோலங்களிலும் எனக்குப் பல வருட அனுபவம் உண்டு. நான்காவதில்தான் குறை.

ஏறினேன். எத்தனையோ சினிமாக் காதலர்கள் மாலையும் கழுத்துமாக மூச்சிரைக்காமல் நின்ற படிகள் இவை. எனக்குப் பாதியிலேயே இரைத்தது. பழகப் பழக மூச்சு சீரானது, முழங்காலும் முனகுவதை நிறுத்தியது. கை மட்டும் அப்படியே இருந்தது. அதையும் குறை சொல்ல முடியாது. ஏறும்போது அதற்கு இருந்த ஒரே வேலை கைப்பிடிக் கம்பியைப் பிடிப்பது, இறங்கியதும் பிரசாதம் வாங்குவது. இரண்டாவதில் அது சோர்ந்ததே இல்லை.

அப்படியானால் கையை மட்டும் ஆட்டினால்? மாடியில் நின்று காக்கை விரட்டுவதுபோல் சில நாள் வீசிப் பார்த்தேன். இதற்கு விடை 1971லேயே வந்துவிட்டது. கலிபோர்னியாவில் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளிலும் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பின் தடிமனை அளந்து பார்த்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய மூவரில் ஒருவர் பெயர் செல்வம் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. வருடக்கணக்காக மட்டை பிடித்த கையில் தசை பெருத்திருந்தது. கொழுப்போ, சும்மா இருந்த கையில் எவ்வளவோ அவ்வளவேதான் உழைத்த கையிலும். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் காக்கை விரட்டுகிறவள் எம்மாத்திரம்?

காரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும். பக்கத்திலேயே ஏரி கிடக்கும், வீட்டுத் தொட்டியில் விழுவதோ எங்கிருந்தோ வரும் லாரித் தண்ணீர். தசைக்கும் அதே ஏற்பாடு. அதற்கு வேண்டிய கொழுப்பு உடம்பின் பல மூலைகளிலிருந்து கரைந்து, ரத்தத்தில் கலந்து வந்து சேர்கிறது. இடுப்பிலிருந்து எடுப்பதா, கையிலிருந்து எடுப்பதா என்பது உடம்பின் இஷ்டம். நாம் மனு கொடுக்க முடியாது. மொத்தமாக நடந்து, மொத்தமாக அளவோடு சாப்பிட்டால், மொத்தத்தில் குறையும்போது கையிலும் ஒரு பங்கு குறையும். வாரத்துக்கு 150 நிமிடமாவது விறுவிறுவென்று நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருவில் நின்று பேசும் நேரம் அதில் சேராது.

இது பாதிக் கதை. மீதி, தசை. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை கழன்றுகொண்டே போகிறது. பை காலியானால் துணி தொங்கத்தானே செய்யும். மேல்கைத் தசையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கம் இருக்கும் ட்ரைசெப்ஸ். கையை மடக்கித் தூக்குவது அதன் வேலை இல்லை, நீட்டித் தள்ளுவதுதான் அதன் வேலை. காய்கறிப் பையை எத்தனை வருடம் தூக்கினாலும் பின்பக்கம் இறுகாத ரகசியம் இதுதான்.

தள்ளும் வேலை நம் வீடுகளில் ஒரு காலத்தில் இருந்தது. அம்மியில் குழவியை முன்னால் தள்ளித் தள்ளித்தான் தேங்காய் அரைத்தார்கள். 1955இல் கோவை சபாபதி வெட் கிரைண்டரைக் கண்டுபிடித்தார். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. நான் அதன் பரம ரசிகை, அரைத்த கைகளின் அலுப்பைப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் மாவு அரைத்த கை என்ன செய்வதென்று தெரியாமல் ரிமோட்டை எடுத்துக்கொண்டது.

எண்பதைத் தாண்டிய என் மாமியாரின் கை இன்னும் முறுக்கிய கயிறு. நான் டம்பெல் வாங்கிவந்த அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காசு குடுத்து இரும்பு வாங்கித் தூக்கறியா? ஊர்லேருந்து அம்மியைச் சும்மா குடுத்தேனே, இடமில்லைன்னியே?"

"அத்தை, அது வேற, இது வேற" என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியும்.

டம்பெல் வாங்கியது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். அங்கே கிடைக்காத பொருள் இல்லை. செடி, புறா, பழைய கம்ப்யூட்டர், கால் உடைந்த நாற்காலி, அந்த நாற்காலியின் காலும் தனியாக. ஒரு மூலையில் உடற்பயிற்சிச் சாமான்கள். நடை இயந்திரத்தின் கைப்பிடியில் துணி காயப்போட்ட தழும்பு. டம்பெல்கள் புத்தம் புதுசாக மின்னின, யாரும் தொட்ட அடையாளமே இல்லை.

"கிலோ கணக்குக்கா" என்றார் கடைக்காரர், கத்தரிக்காய் விற்பதுபோல. "ரெண்டு கிலோ போதுமா?" பேரம் பேசினேன். இடது கையால் தூக்கிக் காட்டி, வலது கையால் வேண்டாம் என்று மறுத்து, நாலடி நடந்து திரும்பி வந்து. அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது.

இப்போது வாரத்தில் இரண்டு நாள். டம்பெல்லைத் தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றுகிறேன், சுவரில் கையூன்றித் தண்டால் எடுக்கிறேன். முதல் நாள் சுவரோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்த கணவர், "பாத்து, ஹவுசிங் லோன் இன்னும் முடியலை" என்றார்.

பலன் உண்டா என்றால், உண்டு. ஆட்டம் அடங்கியிருக்கிறது. கேஸ் சிலிண்டரை நகர்த்த யாரையும் கூப்பிடுவதில்லை. சுற்றளவு மட்டும் பெரிதாக மாறவில்லை. கொழுப்பு காலி செய்த இடத்தில் தசை குடியேறுகிறது, வாடகை மட்டும் பழையபடிதான். பதினைந்தே நாளில் கை இளைக்கும் என்று யாராவது சொன்னால் அவர் எதையோ விற்கிறார், நம்பாதீர்கள்.

நீங்களும் டம்பெல் வாங்குவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை பல்லாவரம் வாருங்கள். ஜனவரியில் மட்டும் வேண்டாம். பிப்ரவரி கடைசியில் வாருங்கள், புத்தாண்டுச் சபதங்கள் அப்போதுதான் சந்தைக்கு வந்து சேரும், விலையும் குறைவு.