உப்பளம் வச்ச மருமவன்

வாய்யா மருமவனே, திண்ணையில உக்காரு. ஏன் ஒருக்களிச்சு உக்காருத? ஓ, கல்லு குத்துதோ! மெட்ராஸ்ல வீடு கட்டப் போறான்னு உங்கம்மா சொன்னா. விலாவுக்குக் கீழ 4 மில்லிமீட்டர்ல கல்லு இறக்கிட்ட, செங்கல்லு எப்ப வருது?

சிரிக்காத, வலிக்கும்.

ஸ்கேன் பாத்த டாக்டர் என்னதான் சொன்னாரு? சின்னக் கல்லு, தண்ணியை நல்லாக் குடி, அனேகமா தானா விழுந்துரும்னாரா? இதுக்கா அவ்வளவு ரூவா? என்கிட்ட வந்திருந்தா ஒரு வெத்தலைக் கட்டோட முடிஞ்சிருக்கும்.

உன் மாமன் தூத்துக்குடி உப்பளத்துல பன்னெண்டு வருசம் பாத்தி மிதிச்சு, உப்பு வாருனவன்லே. கல்லு விளையுத வித்தை எனக்கா தெரியாது? பாத்தியில தண்ணியைக் கட்டுவோம். வெயிலு அதைக் குடிக்கக் குடிக்க மிச்சம் கெட்டியாவும். இனி தாங்காதுங்கிற பக்குவம் வந்ததும் உப்பு அடியில பூத்துரும். உன் கிட்னிக்குள்ளயும் அதே வெள்ளாமைதான். மூத்திரம் கெட்டியாச்சுன்னா அதுல கரைஞ்சு கெடக்க கால்சியமும் ஆக்சலேட்டும் கைகோத்துப் பூத்துரும். என்ன, எனக்குக் கூலி கிடைச்சுது. நீ கைக்காசு போட்டு விளைய வச்சிருக்க.

ஏசி ரூம்ல வேர்வையே இல்ல, பின்ன தண்ணி எதுக்குன்னு கேக்க. சொட்டுனாத்தான் கணக்கா? மூச்சுலயும் தோல் வழியாவும் உனக்குத் தெரியாமலே தினம் அரை லிட்டருக்கு மேல போயிருது. நம்ம ஆரம்ப சுகாதார நிலைய நர்சம்மா சொன்னா. நல்ல புள்ளை, கொஞ்சம் வாய்த்துடுக்கு.

அவ சொன்ன கணக்கைக் கேளு. நீ 70 கிலோன்னா அதுல 42 கிட்ட வெறும் தண்ணியாம். மிச்சம் 28 கிலோதான் ஆளு! கம்பெனிக்காரனுக்குத் தெரிஞ்சா சம்பளத்தைக் குறைச்சிரப் போறான். அதுலயும் உன் ரெண்டு கிட்னியும் ஒரு நாளைக்கு 180 லிட்டரை வடிகட்டுதாம். பிளாஸ்டிக் குடத்துல பன்னெண்டு குடம்லே! அம்புட்டையும் வடிச்சு, அழுக்கை மட்டும் ஒண்ணரை லிட்டர், ரெண்டு லிட்டர்ல கரைச்சு வெளிய தள்ளிட்டு, மிச்சத்தை ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துருது. தண்ணி லாரி வராத நாள்ல உங்க அத்தை கூட இம்புட்டுக் கஞ்சத்தனம் பண்ணுனதில்ல. நீ குடிக்காமப் போட்டா அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும், மூத்திரம் மஞ்சளா, கடுங்காப்பி கணக்கா போவும். நீர்க்கடுப்பு வேற. பாத்து வச்சுக்க, வெளிர்மஞ்சளா இருந்தாச் சரி.

அதுக்காக எவனோ வீடியோவுல சொன்னான்னு அஞ்சாறு லிட்டரை ஒரே மூச்சுல கவுத்திராத. குழம்புல தண்ணியைக் கொட்டுன மாதிரி ரத்தத்துல உப்பு நீத்துப் போவும், மூளை வீங்கிரும். உனக்கு அங்க இடம் தாராளமாக் கெடந்தாலும் வேண்டாம்.

இந்த மண்பானையைத் தொட்டுப் பாரு. எப்படிச் சில்லுனு இருக்கு! நீர் கசிஞ்சு, காத்துல காய்ஞ்சு, போற போக்குல சூட்டையும் கூட்டிட்டுப் போவுது. நம்ம மேல் வேர்க்கிறதும் அதுக்குத்தான். வெறும் பானை கசியுமா? உள்ள தண்ணி வத்திட்டா உடம்பு கொதிக்க வேண்டியதுதான்.

அது என்ன, சட்டைப்பையில டிங்கு டிங்குனு? தண்ணி குடிக்கச் சொல்லிப் போன் கத்துதா! உச்சந்தலைக்குள்ள ஆண்டவன் சும்மாவே ஒரு மணி கட்டி வச்சிருக்கான், தாகம்னு பேரு. அதைக் கேக்காம, கடையில மணி வாங்கி, அதையும் தடவி அமத்திட்ட பாரு, நீதான்யா படிச்சவன்.

நர்சம்மாவை எனக்கு எப்படித் தெரியும்னா கேக்க? அது... போன சித்திரையில கம்மாய்க்கரையில சும்மா சாஞ்சேன். மயக்கம்லாம் இல்ல, ஊர்க்காரன் பெருசாக்கிட்டான். கண்ணைத் திறந்தா கையில சொட்டுச்சொட்டா பாட்டில் ஏறுது. "தாத்தா, கடைசியா எப்பத் தண்ணி குடிச்சீங்க"ன்னா. தாகமே எடுக்கலியே தாயின்னேன். வயசாச்சுன்னா அந்த மணி நாக்கு அறுந்து போயிருமாம், கேட்டுக் குடிக்கிறதில்ல, நேரம் பாத்துக் குடிக்கணுமாம். இதை அவ என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம். உங்க அத்தையையும் பக்கத்துல வச்சுச் சொல்லிட்டா.

அதுலேருந்து மணிக்கொரு தரம் சொம்பைத் தூக்கிட்டு வந்து நிக்கா. உன் போனையாவது அமத்தலாம். இந்தா, கொலுசுச் சத்தம் கேக்குதுல்லா? வாங்கி மடக்குனு பாதியை நீ குடி. மீதியை அந்தக் கருவேப்பிலைச் செடியில ஊத்திரு. சீக்கிரம்யா, அவ திரும்புததுக்குள்ள.