அன்மெல்டுங் அண்ணாச்சி

பெர்லினுக்குக் குடிவரும் ஸ்பெயின்காரர்களுக்கு வீட்டுச் சாவி கிடைக்கிறதோ இல்லையோ, அண்ணாச்சி கிடைத்துவிடுவார். அவரும் செவில் நகரத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியவர்தான். குடியிருப்புப் பதிவை ஜெர்மன்காரர்கள் 'அன்மெல்டுங்' என்பார்கள். அதற்காக அன்று அவர் பட்ட பாடு இன்று பட்டமாகிவிட்டது.

"நான் ஐரோப்பிய யூனியன்காரன். விசா வேண்டாம், வேலை அனுமதி வேண்டாம்" என்று வந்தவன் நெஞ்சை நிமிர்த்துவான். ஏழு பெற்றவள் தலைப்பிரசவக்காரியைப் பார்ப்பதுபோல் அண்ணாச்சி அவனைப் பார்ப்பார்.

"அதெல்லாம் சரி தம்பி. குடிபுகுந்த 14 நாளுக்குள் பதியணும். தவறினா 1000 யூரோ வரைக்கும் அபராதம் போடலாம். அபாயின்ட்மென்ட் வாங்கிட்டியா?"

"இன்னும் இல்லை."

"இப்பப் போட்டா அடுத்த மாசம்தான் கிடைக்கும்."

பையன் முகம் வெளுத்ததும் பையிலிருந்து அந்தக் கோப்பு வெளியே வரும். முதுகில் விரல் நுழையும் ஓட்டை வைத்த தடித்த ஜெர்மன் கோப்பு. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. எச்சில் தொட்டுப் புரட்ட மாட்டார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு புரட்டுவார். வாடகை ஒப்பந்தத்தைப் பையன் பெருமையோடு நீட்டினால், "இது போதாது. 2015 நவம்பரிலிருந்து வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தனித்தாள் வேணும்" என்று தள்ளிவிடுவார். உள்வாடகைக்கு விடுகிறவர்கள் பலர் அறையைத் தருவார்கள், சைக்கிளைக்கூடத் தருவார்கள், அந்தத் தாளை மட்டும் தரமாட்டார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு குதூகலம் இருக்கும்.

அடுத்தது தபால் பெட்டி. அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது, பெயர்தான் விலாசம். பெட்டியில் பெயர் ஒட்டாதவனுக்கு வரி எண் தாங்கிய கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும். ஒட்டியவனுக்கும் நிம்மதியில்லை. பதிந்த கொஞ்ச நாளில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஓலை வரும்: வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. "எங்கிட்ட டிவியே இல்லையே!" "யார் கேட்டா?"

படிவத்தில் மதத்துக்கு ஒரு கட்டம் உண்டு. பையன் பழக்கதோஷத்தில் 'கத்தோலிக்கர்' என்று எழுதப் போகையில் அண்ணாச்சி பேனாவைப் பிடித்துக்கொள்வார். "பெர்லினில் வருமான வரிக்கு மேல் 9 சதவீதம் தேவாலய வரி. ஆண்டவனைக் கேட்டுக்கிட்டு எழுது." அத்தனை சிறிய கட்டத்துக்குள் அவ்வளவு பெரிய ஆன்ம விசாரணையை வேறெந்த அரசாங்கமும் வைத்திருக்காது.

போன மாதம் ஒரு பையன் இத்தனையையும் கேட்டுவிட்டு, காலையில் கைப்பேசியைத் தட்டினான். பெர்லினின் 12 வட்டாரங்களில் எங்கே வேண்டுமானாலும் பதியலாம். ஸ்பான்டாவில் யாரோ ரத்து செய்த நேரம் கைக்குச் சிக்கியது. போனான், அலுவலக அம்மாள் நாலு தட்டுத் தட்டி, முத்திரை குத்தி, காசு வாங்காமல் தாளைக் கொடுத்து, வாழ்த்தும் சொல்லி அனுப்பிவிட்டார்.

செய்தி கேட்டு அண்ணாச்சிக்குக் காப்பி இறங்கவில்லை. "தாளைக் காட்டு" என்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி வரிவரியாக மேய்ந்தார். ஸ்பெயின்காரனுக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு குடும்பப் பெயர். தாளில் ஒன்றுதான் இருந்தது.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "இதைத் திருத்தணும்னா மறுபடி அபாயின்ட்மென்ட் வாங்கணும், தம்பி" என்று சொல்லிக் கோப்பில் புது உறை ஒன்றை உருவினார்.