மருமவனே, ஒரு கணக்கு கேளும்

வாரும் மருமவனே, இப்படி உக்காரும். ஒம்ம வகுப்புல ஸ்மார்ட் போர்டு மாட்டியாச்சாமே? தொட்டா ஆனை பிளிறுதாம். எங்க காலத்துல பிளிறுனது வாத்தியாருதான். அவரை யாரும் தொடவே வேண்டாம்.

முப்பது வருசமா பள்ளிக்கூடத்து வாசல்ல பெட்டிக்கடை போட்டிருக்கேன். உள்ள எது புதுசா போனாலும் என்னைத் தாண்டித்தான் போகணும். 2007 வாக்குல செயல்வழிக் கற்றல்னு வந்துச்சு. நீரு அப்ப ரெண்டாங்கிளாஸ். ஏணிப்படி, அட்டை, பாயில வட்டமா உக்காந்து படிப்பு. ஒரு அட்டையைச் சுருட்டிக்கிட்டு வந்து என்கிட்ட தேன்மிட்டாய்க்கு மாத்தப் பாத்தீரே, மறந்துட்டீரோ? ஆனா செவுத்தடியில பிள்ளைக உசரத்துக்குக் கரும்பலகை வச்சாங்க பாரும், அது கெட்டிக்காரன் வேலை. அதைக் குறை சொன்னா என் நாக்கு அழுகிரும். பொறவு 2019ல கல்வித் தொலைக்காட்சி. 2022ல எண்ணும் எழுத்தும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலருன்னு பிரிச்சீங்க. என் பேத்தி மொட்டாம். காய்க்கிறது எப்பன்னு கேட்டா சிரிக்கீரு.

இதுக்கெல்லாம் மூத்தது ஒண்ணு உண்டு. கும்பினிக்காரன் காலத்துல, 1789ல, எழும்பூர்ல அநாதைப் பையன்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார் பொறுப்புக்கு வந்தாரு. நம்ம பிள்ளைக மணல்ல விரலால எழுதிப் படிக்கிறதைக் கண்டாரு. அதைத் தம் பள்ளிக்கூடத்துல புகுத்தி, தெரிஞ்ச பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கணும்னு வச்சாரு. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை சோலிதான், வேறென்ன? 1797ல லண்டன்ல அதைப் புத்தகமா போட்டாரு. சீமையில அதுக்கு மெட்ராஸ் முறைன்னே பேரு.

மணல்மேல வந்த ஆசையிலயா சீமைக்காரன் அதைத் தலையில தூக்கி வச்சான்? ஒத்தை வாத்தியார் சம்பளத்துல நூத்துக்கணக்குப் பிள்ளைக படிச்சிருமே, அந்தக் கணக்கு அவனுக்கு இனிச்சுது.

அதே கணக்குதான் இங்கயும் நடக்கு. ஒம்ம பள்ளிக்கூடத்துல வகுப்பு அஞ்சு. வாத்தியாரு, ஒம்மையும் எட்மாஸ்டரையும் சேத்து ரெண்டு. அவரு கூட்டத்துக்குப் போயிருதாரு. நீரு எந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டுச்சு, எந்தப் பிள்ளை எத்தனை கிலோன்னு போன்ல ஏத்திக்கிட்டு இருக்கீரு. ஆனை மட்டும் தனியா பிளிறிக்கிட்டுக் கெடக்கு.

போர்டைக் கழட்டச் சொல்லலை மருமவனே. நல்லா இருக்கட்டும். பிள்ளைக கையில அதை விடும். ஒமக்கு முந்தி அதுக பழகிக்கிடும். நீரு பக்கத்துல உக்காந்து, வாசிக்கத் திணறுற நாலு பிள்ளைக்குக் காதைக் கொடும். மூணாவதா ஒரு வாத்தியார் வேணும்னு ஒரு மனுவும் எழுதும், மொதக் கையெழுத்து நான் போடுதேன்.

எந்திரிச்சுட்டீரா? வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகளுக்குப் பரிசுன்னு வாங்கிட்டுப் போன கடலைமிட்டாய் பாக்கி நாப்பது ரூவா நிக்குது. அதைக் கொடுத்துட்டுப் போம்.